செம்பு வாஷர்

தாழையூத்து சிமெண்ட் வாடை பின்னால் போய், கங்கைகொண்டான் காற்று முகத்தில் அடிக்க ஆரம்பித்தபோதே உலகம்மாளுக்கு இடுப்புக்குக் கீழே மரத்துப்போய்விட்டது. வீட்டைப் பூட்டிக் கிளம்பி இன்னும் முழுசாக அரைமணி நேரம்கூட ஆகவில்லை. பாளையங்கோட்டையிலிருந்து ஹம்பிக்குப் போக வேண்டும், போனால் போதாது, திரும்பியும் வர வேண்டும், பன்னிரண்டு நாள், ஐம்பத்தொன்பது வயதில் இந்தப் பின் சீட்டில் பன்னிரண்டு நாள். முன்னால் உட்காருகிறவருக்குப் பிடிக்க ஹேண்டில் இருக்கிறது, பார்க்க ரோடு இருக்கிறது, கிளட்ச், பிரேக், கியர் என்று கை காலுக்கு வேலை இருக்கிறது. பின்னால் உட்காருகிறவளுக்கு இருப்பது ஒரு முதுகு. திரவியத்தின் முதுகு. முப்பத்து நாலு வருஷமாக இவள் அதிகம் பார்த்தது அவர் முகத்தையா முதுகையா என்று யாராவது கேட்டால் யோசிக்காமல் முதுகு என்று சொல்லிவிடுவாள். கறுப்பு ஜெர்க்கினில் வலது தோள்பட்டை ஓரம் தையல் விட்டிருந்ததை இவள்தான் தைத்தாள், நூல் நிறம் கொஞ்சம் மாறிப்போச்சு, அந்த மாறிப்போன நூலையே பார்த்துக்கொண்டு எத்தனை ஊர் கடந்தாகிவிட்டது. கைப்பை குறுக்கே மார்பில் தொங்குகிறது. கைப்பைக்குள் பர்ஸ், பர்ஸுக்குள் சின்ன ஜிப், சின்ன ஜிப்புக்குள் வாஷர். அதை நினைக்கக் கூடாது என்று நினைத்தாள். நினைக்கக் கூடாது என்று நினைத்ததும் அது கைப்பைத் துணியைத் தாண்டி நெஞ்சில் உறுத்துகிற மாதிரி இருந்தது. அப்படி உறுத்துகிற சாமானே இல்லை அது, சட்டைப் பித்தான் அளவு ஒரு செம்பு வளையம். வருஷா வருஷம் பயணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் அவர் எஞ்சினுக்கு அடியில் இருக்கிற நட்டைக் கழற்றிப் பழைய எண்ணெயை வடிப்பார், அந்த நட்டில் கிடக்கிற வாஷரை எடுத்துக்கொண்டு அடுப்படிக்கு வருவார், இவளுடைய இடுக்கியால் பிடித்து காஸ் அடுப்பில் சிவக்கச் சுடுவார், சுட்டு ஒரு டம்ளர் தண்ணீரில் போடுவார். சொய்ங் என்று ஒரு சத்தம். சுட்டால் செம்பு இளகுமாம், இளகினால் நட்டோடு ஒட்டிக்கொண்டு எண்ணெயைச் சொட்டவிடாதாம். புதுசு வாங்கிப் போட்டால் என்ன என்று கல்யாணமான புதிதில் கேட்டாள். "நல்லாருக்கத ஏன் தூரப்போடணும்" என்றார். அதே வாஷர்தான் இன்று காலையில் டம்ளரின் அடியில் கிடந்தது.

கிடந்தது என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. அஞ்சரை மணிக்குக் கடைசிப் பாத்திரங்களைக் கழுவப் போனவள் டம்ளரைக் கவிழ்த்தாள், அது உள்ளங்கையில் வந்து விழுந்தது, அவ்வளவுதான். வேறொன்று போட்டிருப்பார் என்று ஒரு நொடி நினைத்தாள். வேறொன்று வீட்டில் கிடையாது என்பது அடுத்த நொடி. வாசலில் வண்டிக்கு அடியில் எப்போதும் விரித்திருக்கும் அட்டையில் எப்போதும் உளுந்துவடை அளவுக்கு ஒரு கறை இருக்கும், வண்டி பழசு, வயசான உடம்பு மாதிரி எங்கேயாவது கசிந்துகொண்டுதான் இருக்கும். இன்றைக்கு அட்டையில் பாதி ஊறியிருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை, பெட்டிகளை வாரால் இறுக்கிக்கொண்டிருந்தார். இவள் அட்டையை மடித்துக் குப்பைத்தொட்டியில் போட்டாள். போட்டபோது கை நடுங்கியதா? இல்லை. அதுதான் இப்போது பயமாக இருக்கிறது. வாஷரை முந்தானையில் துடைத்துப் பர்ஸுக்குள் வைத்து ஜிப்பை இழுத்தபோதும் கை நடுங்கவில்லை, ஏதோ மாத்திரையை எடுத்து வைக்கிற மாதிரி வைத்தாள். சொல்லியிருக்கலாம். "ஏங்க, இது இங்க கிடக்கு" என்று நாலு வார்த்தை. அவர் தலையில் அடித்துக்கொண்டு மறுபடி எண்ணெயை வடித்து மாட்டியிருப்பார், ஒரு மணி நேரம் தாமதமாகக் கிளம்பியிருப்பார்கள், அவ்வளவுதான். அந்த நாலு வார்த்தை வராததற்குக் காரணம் வேறு ஒரு நாலு வார்த்தை. தீபாவளியிலிருந்து தொண்டையில் நிற்கிறது. இந்த வருசம் நான் வரல. தீபாவளிக்குச் சொல்ல நினைத்தாள், மகள் பெங்களூரிலிருந்து வந்திருந்தாள், "எங்க ஆபீஸ்ல எல்லார்ட்டயும் உங்க போட்டோவைத்தாம்மா காட்டுவேன்" என்றாள், சொல்ல முடியவில்லை. கார்த்திகையில் சொல்ல நினைத்தாள், அவர் மேப்பை விரித்துப் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டிருந்தார், ரிட்டயர் ஆகிற வரைக்கும் சர்வே ஆபீஸில் கோடு போட்டவர், கோடு போடும்போது மட்டும் நாக்கை லேசாக வெளியே நீட்டுவார், அதைப் பார்த்துவிட்டுச் சொல்ல முடியவில்லை. பொங்கலுக்குள் அந்த வாக்கியம் தானாகவே மாறி அடுத்த வருசம் நான் வரல என்று ஆகிவிட்டது. இப்படியே விட்டால் அது வருஷா வருஷம் ஒரு வருஷம் தள்ளிப்போய், கடைசியில் தூக்கிக்கொண்டு போகிற நாலு பேர்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

வராமல் இருந்ததில்லை அவள். அதுதான் சிக்கல். இருபத்தேழு பயணம். முதல் பயணத்துக்கு அவர் கூப்பிடக்கூட இல்லை, இவள்தான் "நானும் வாரேன்" என்றாள், அம்மா வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். ஆசைப்பட்டுத்தான் போனாள். பொய் சொல்லக் கூடாது. ஆகும்பே மழையில் நனைந்துகொண்டு நின்றபோது இருந்த சந்தோஷம் அதற்குப் பிறகு எதிலும் கிடைக்கவில்லை. ஆனால் அன்றைக்கும் அவர் தார்ப்பாயை முதலில் வண்டிக்குத்தான் போர்த்தினார், மிச்சம் இருந்த நுனியில் இவளை நிற்கச் சொன்னார். இதை எத்தனை பேரிடம் சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருக்கிறாள். நேற்று மாவரைக்கும்போது நினைத்தால் சிரிப்பு வரவில்லை. வண்டிக்காரர்கள் கூடுகிற இடத்தில் எல்லாம் அவர் ஒன்று சொல்வார், "எங்க வீட்டம்மா பின்னால இல்லாம நான் நாலு கிலோமீட்டர் தாண்ட மாட்டேன்". எல்லோரும் கை தட்டுவார்கள். சின்ன வயசுப் பிள்ளைகள் அக்கா அக்கா என்று கூட நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். அந்தக் கைதட்டலிலேயே இவளைச் சீட்டோடு சேர்த்து முறுக்கிவிட்டார்கள். எலும்பு டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, "வண்டியில ரொம்பப் போவீங்களாம்மா?" என்று கேட்டார். "கொஞ்சம் போவேன்" என்றாள். டாக்டரிடமே பொய். திரவியத்திடம் அந்தப் படத்தைக் காட்டவே இல்லை, பீரோவில் புடவைக்கு அடியில் இருக்கிறது, கல்யாணப் புடவைக்கு அடியில், நல்ல இடம்தான்.

அவருடைய இடது தோளில் இரண்டு தட்டுத் தட்டினாள். அவர் வண்டியை ஓரம் ஒதுக்கினார், பின்னால் வந்த பஸ் ஹாரனை அலறவிட்டபடி உரசுகிற மாதிரி போனது. அது மூன்றாவது ஹாரன். முதல் இரண்டும் அவருக்குக் கேட்கவில்லை. ஒரு தட்டு என்றால் மெதுவாக, இரண்டு என்றால் பின்னால் வண்டி வருகிறது, மூன்று என்றால் நிறுத்து. "இடுப்பு வலிக்கும்போது கத்த முடியல, தட்டுதேன்" என்று சொல்லித்தான் இரண்டு வருஷத்துக்கு முன்னால் இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தாள். அவருக்கும் பிடித்துப்போயிற்று, புருஷன் பெண்டாட்டி பாஷை என்று எல்லோரிடமும் பெருமை. நிஜக் காரணம் கிருஷ்ணகிரி ரோட்டில் ஒரு லாரி. அதற்கும் முன்னால் வீட்டுக் குக்கர், விசில் அடித்து அடித்து அடியில் கருகும்வரை அவர் அடுப்படியிலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். காது என்ற சொல்லை அன்றிலிருந்து வீட்டில் யாரும் எடுப்பதில்லை. ஒருமுறை எடுத்தாள், "காதுக்கு ஒரு டாக்டரப் பாக்கலாமா" என்று, மூன்று நாள் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தே பேசினார். "இப்ப சனங்க வாய்க்குள்ளேயே பேசுதாங்க, அதுக்கு நான் என்ன செய்ய" என்பார். வண்டிக்குப் பக்கத்தில் குனிந்து, தலையைச் சாய்த்து, எஞ்சின் சத்தத்தைக் கேட்டுத் தலையாட்டுவார், முப்பது வருஷமாகச் செய்கிற அதே ஆட்டம். என்ன கேட்டுத் தலையாட்டுகிறார் என்று அவருக்கே வெளிச்சம். எஞ்சினைக் கேட்பது இப்போது இவள்தான். பள்ளிக்கூடத்தில் இருபது தையல் மிஷின் ஓடுகிற அறையில் முப்பது வருஷம் தையல் டீச்சராக நின்றவள், எந்த மிஷினுக்கு எண்ணெய் தீர்ந்துவிட்டது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவாள். அப்படியிருக்க, வரமாட்டேன் என்று எப்படிச் சொல்வது? வரமாட்டேன் என்றால் அவர் நிறுத்திவிடுவாரா, தனியாகப் போவார். நாலு கிலோமீட்டர் கதை எல்லாம் மேடைக்கு. தனியாகப் போனால் தட்டுவதற்குத் தோளில் யார் கை இருக்கும்? தனியாகப் போகக் கூடாது என்றால் காது என்று சொல்ல வேண்டும். காது என்று சொன்னால் அந்த மனுஷன் பொட்டென்று கிழவனாகிவிடுவார். சொல்லாமல் இருந்தால் இவள் இடுப்பு போய்விடும். எங்கே சுற்றினாலும் இதே முட்டுச்சந்து. டம்ளரில் கிடந்த வாஷர் அந்தச் சந்தில் ஒரு வாசலைத் திறந்துவிட்ட மாதிரி இருந்தது, காலையில். யாரும் யாருக்கும் ஒன்றும் சொல்ல வேண்டாம். வண்டி தானாக நின்றுபோகும்.

கயத்தாற்றுக்கு முன்னால் டோல்கேட் ஓரப்பாதையில் வண்டி மெதுவானபோதுதான் முதலில் கேட்டது. டிக். தலையில் ஹெல்மெட், காற்று வேறு, ஏதோ கல் தெறித்திருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். டிக் டிக். கல் இல்லை. எண்ணெய் ஏறாத மிஷின் இப்படித்தான் முதலில் மெதுவாகப் பல்லைக் கடிக்கும். காற்றாலைகள் வரிசையாகச் சுற்றிக்கொண்டிருந்தன, ஒன்றிரண்டு சும்மா நின்றன, நின்றவற்றைப் பார்க்க ஆறுதலாக இருந்தது. தட்ட வேண்டும். மூன்று தட்டு. இந்த மைல்கல் தாண்டட்டும். தாண்டியது. அடுத்தது. எண்ணெய் இல்லாமல் ஓடினால் எஞ்சின் இறுகும், இறுகினால் அதோடு சரி, இந்த வயசான வண்டிக்குச் சாமான் கிடைக்காது என்று அவரே சொல்லியிருக்கிறார், சுவரோரம் நிறுத்தித் துடைத்துத் துடைத்து வைத்துக்கொள்ளட்டும், இவள் காலை நீட்டிப் படுத்துக்கொள்வாள், சமதளத்தில், அசையாத கட்டிலில், பன்னிரண்டு நாளும். சாகட்டும் வண்டி. அப்பா இறந்த அன்று சங்கரன்கோவிலுக்கு இவளைக் கொண்டுபோய்ச் சேர்த்தது இந்த வண்டிதான், பஸ் ஸ்டிரைக், அவர் வழியில் ஒரு வார்த்தை பேசவில்லை, ஆறுதல் சொல்லவில்லை, இவள் அந்த முதுகில் முகத்தை வைத்து அழுதுகொண்டே போனாள், எவ்வளவு அழுதாலும் அந்த முதுகு அப்படியே இருந்தது. டிக் டிக் டிக். இறுகுவது என்றால் நின்ற இடத்திலா இறுகும்? ஓடும்போது இறுகும். ஓடும்போது இறுகினால் பின் சக்கரம் பூட்டிக்கொள்ளும். இதையும் அவரேதான் சொல்லியிருக்கிறார், ராத்திரிச் சாப்பாட்டுக்கு இடையில், யாரோ ஓசூர்க்காரனின் கதையாக. பின்னால் திரும்பிப் பார்த்தாள், சரக்கு லாரி ஒன்று, அதற்குப் பின்னால் இன்னொன்று. காலையில் அட்டையை மடித்துப் போட்டபோது லாரியை ஏன் நினைக்கவில்லை? வண்டியை மட்டும் கொல்லலாம் என்று நினைத்தாளா, அவர் அதன்மேல் உட்கார்ந்திருப்பார் என்பதை, தானும் உட்கார்ந்திருப்போம் என்பதை, எப்படி மறந்தாள்? இடுப்பு வலி மனுஷியை இவ்வளவு கெட்டவளாக்குமா? கோவில்பட்டி பைபாஸ் வந்தது, போனது. சத்தம் இப்போது டக் டக் என்று கனத்துவிட்டது. அவர் முதுகு நிம்மதியாக இருந்தது. ஒன்றும் கேட்கவில்லை அவருக்கு. கையைத் தூக்கி இடது தோளில் வைத்தாள். தட்டுவதற்காகத்தான் வைத்தாள். விரல் எழவில்லை. வைத்த கை வைத்தபடி இருந்தது. அவர் கிளட்சிலிருந்து இடது கையை எடுத்து, அந்தக் கையின் மேல் வைத்து, ஒரு அழுத்து அழுத்திவிட்டு மறுபடி ஹேண்டிலுக்குக் கொண்டுபோனார். ஆசையாக வைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். உலகம்மாளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தட்டினாள், மூன்று இல்லை, ஏழெட்டுத் தட்டு, அடிக்கிற மாதிரி.

சாத்தூருக்கு இன்னும் கொஞ்ச தூரம். ஒரு வேப்பமரத்தடியில் வண்டி ஓரம் கட்டியது. மரத்துக்கு அந்தப் பக்கம் ஒருத்தி கூடையில் வெள்ளரிப்பிஞ்சு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் ஹெல்மெட்டைக் கழற்றினார்.

"என்னட்டி, அதுக்குள்ள இடுப்பா? பிஞ்சு திங்கணுமா?"

"எண்ணெய் ஒழுகுது."

"என்ன?"

கீழே காட்டினாள். எஞ்சினுக்கு அடியிலிருந்து மண்ணில் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது, பின் டயரின் ஓரம் வரைக்கும் தெறித்து மினுங்கியது. அவர் முட்டி மடக்கிக் குனிந்து விரலை வைத்துச் சூட்டில் இழுத்துக்கொண்டார். மறுபடி குனிந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அடி நட்டுல்லா. நேத்துத்தான மாட்டுனேன். வாஷரச் சுட்டேன், தண்ணியில போட்டேன்..." அவர் வாய் அசைந்துகொண்டே இருந்தது. பிறகு நின்றது. "போடாமலே முறுக்கிருக்கேன், உலகு."

பக்கத்தில் இருந்த கல்லில் உட்கார்ந்தார். கறுப்பு ஜெர்க்கினுக்குள் உடம்பு சுருங்கின மாதிரி இருந்தது.

"முப்பது வருசமா ஒரு தடவ மறந்ததில்ல. புத்தி போயிட்டு எனக்கு. உன்னப் பின்னால வச்சுக்கிட்டு... போதும்ட்டி. என்னைய நம்பி இனி நீ ஏறக் கூடாது."

கேட்டது கிடைத்துவிட்டது. ஒன்றும் சொல்லாமல் நின்றால் போதும், அவரே நிறுத்திவிடுவார், இந்த வருஷம், அடுத்த வருஷம், எல்லா வருஷமும். அவர் அந்தக் கல்லில் உட்கார்ந்தபடியே வீட்டுக்கு வருவார், புத்தி போன மனுஷனாக, அப்படியே இருந்துவிடுவார். இவள் கட்டிலில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இத்தனை வருஷம் முதுகைப் பார்த்தவள் இனி அந்த முகத்தைப் பார்க்க வேண்டும்.

கைப்பையைத் திறந்தாள். பர்ஸ். சின்ன ஜிப். வாஷரை உள்ளங்கையில் வைத்து நீட்டினாள்.

அவர் அதைப் பார்த்தார். இவளைப் பார்த்தார். "இது எப்படி ஒங்கிட்ட?"

"காலையில எடுத்தேன்."

"என்ன?"

தீபாவளியிலிருந்து மெதுவாக, பக்குவமாக, அவர் மனம் நோகாமல் எப்படிச் சொல்வது என்று சொல்லிப் பார்த்த வார்த்தைகள். கத்தினால்தான் உண்டு. கத்தினாள்.

"காலையிலயே எடுத்தேன்! தெரிஞ்சுதான் எடுத்தேன்! உங்களுக்குப் புத்தியெல்லாம் போகல, ஒரு நாள் மறந்துட்டீங்க, யாரும்தான் மறப்பாங்க. நான் பாத்தேன், பாத்துட்டுச் சொல்லல. எனக்கு முடியல. இடுப்பு செத்துட்டு, டாக்டர் படம் பீரோல இருக்கு. இனிமே நான் வரல. நீங்களும் தனியாப் போவக் கூடாது. உங்களுக்குக் காது கேக்கல! லாரி வாரது கேக்கல, எஞ்சின் கத்துறது கேக்கல. கயத்தாத்துலருந்து கத்துது அது. ரெண்டு வருசமா நான் தட்டித் தட்டித்தான் இந்த வண்டி ஓடுது!"

வெள்ளரிப்பிஞ்சுக்காரி கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள்.

அவர் என்ன என்று கேட்கவில்லை. முழுசும் கேட்டிருந்தது. வெகுநேரம் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார், எத்தனையோ வண்டிகள் போய்விட்டன. எஞ்சின் சூடு இறங்கியிருக்கும். எழுந்து வந்து இவள் கையிலிருந்து வாஷரை எடுத்தார், சட்டை நுனியில் துடைத்தார், வண்டிக்கு அடியில் பழைய துணியை விரித்துச் சரிந்து படுத்தார். கையை மட்டும் வெளியே நீட்டினார். எந்த ஸ்பேனர் என்று அவர் சொல்லவில்லை, இவள் கேட்கவும் இல்லை, பெட்டியிலிருந்து சரியானதை எடுத்து அந்தக் கையில் வைத்தாள். உள்ளே மிச்சம் இருந்த எண்ணெய் ஒரு டீ கிளாஸ் அளவு தேறாது. வாஷரைப் போட்டு நட்டை முறுக்கினார். பக்கப் பெட்டியில் எப்போதும் இருக்கும் இரண்டு எண்ணெய் டப்பாவையும் ஊற்றினார். உதைத்தார், மூன்றாவது உதையில் வண்டி பிடித்துக்கொண்டது.

வழக்கம்போலக் குனிந்து தலையைச் சாய்த்தார். தலையாட்டவில்லை. நிமிர்ந்து, இவளைப் பார்க்காமல், டேங்க்கைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"சத்தம் எப்படி இருக்கு?"

முப்பத்து நாலு வருஷத்தில் கேட்டதில்லை. உலகம்மாள் ஹெல்மெட்டைக் கழற்றிக் கீழே வைத்தாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெள்ளக் குந்தினாள். முதலில் டக் டக் என்றுதான் வந்தது. பிறகு எண்ணெய் ஏற ஏற அது குறைந்து, டிக் என்று ஆகி, அதுவும் அடங்கி, பழைய கனத்த துடிப்பு மட்டும் நின்றது. இன்னும் கொஞ்ச நேரம் கேட்டாள். அவசரப்படவில்லை.

"நல்லாருக்கு," என்று சத்தமாகச் சொன்னாள். "கடகடப்பு நின்னுட்டு."

"வீடு வரைக்கும் தாங்குமா?"

"தாங்கும். மெதுவாப் போனாத் தாங்கும்."

அவர் ஏறி உட்கார்ந்தார். அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலைத் தூக்கிப் போட்டு, வலியோடு பின்னால் உட்கார்ந்தாள். கொஞ்ச தூரம் முன்னால் நடுத்தடுப்பில் திரும்புவதற்கு இடைவெளி இருந்தது, அங்கே கொண்டுபோய் நிறுத்தினார். திரும்பிப் பார்க்கவில்லை.

"பின்னால ஏதும் வருதா?"

அவள் திரும்பிப் பார்த்தாள். "லாரி ஒண்ணு வருது. போகட்டும்."

இருவரும் அது போகும்வரை காத்திருந்தார்கள்.